எந்தச் சாத்தன்?

செங்கடலின் மேற்குக் கரையில், எகிப்து நாட்டில், குசெய்ர் அல்-காதிம் என்ற பழந்துறைமுகம் மணலுக்கடியில் கிடக்கிறது. ரோமானியர் காலத்தில் இதற்கு மயோஸ் ஹோர்மோஸ் என்று பெயர். இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் இங்கிருந்துதான் பாய் விரித்தன. 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் இந்த இடத்தைத் தோண்டினார்கள். கிடைத்த ஆயிரக்கணக்கான பானை ஓடுகளில் இரண்டு துண்டுகள் மட்டும் தனித்து நின்றன. அவற்றில் தமிழ்-பிராமி எழுத்து கீறப்பட்டிருந்தது. ஒன்றில் ‘கணன்’, இன்னொன்றில் ‘சாதன்’.

சா, த, ன் என்று மூன்றே எழுத்து. கடைசியில் நிற்கும் ‘ன்’ வடபுலத்துப் பிராகிருதத்துக்குத் தேவைப்படாத எழுத்து, தமிழுக்காகவே உண்டாக்கப்பட்டது. ஆகவே எழுதியவரின் மொழியில் ஐயமில்லை. அந்தக் காலத்தில் இரட்டிக்கும் மெய்யை எழுதாமல் விடுவது வழக்கம். ‘கணன்’ என்று எழுதிக் கண்ணன் என்று படித்தார்கள். ‘சாதன்’ என்று எழுதிச் சாத்தன் என்று படித்தார்கள். காலம் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டியது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போன ஒரு தமிழரின் பெயர் நம் கைக்குக் கிடைத்துவிட்டது. உடனே மனத்தில் எழும் கேள்வி, இந்தச் சாத்தன் யார் என்பது. சங்க இலக்கியத்தில் நமக்குத் தெரிந்த ஒரு சாத்தன் இருக்கிறாரே, அவரும் வணிகர்தானே, அவராகவே இருந்தால் என்ன? ஆசை நியாயமானதுதான். ஆனால் இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பெயர் கிடைப்பது வேறு, ஆள் கிடைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

எங்கும் சாத்தன்

முதலில், தமிழகத்தில் எத்தனை சாத்தன்கள் இருந்தார்கள் என்று பார்ப்போம். சங்கப் புலவர் பட்டியலை எடுத்தால் சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார், ஆவடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், அழிசி நச்சாத்தனார், பிரான் சாத்தனார், மோசி சாத்தனார் என்று வரிசை நீள்கிறது. அதே ஒக்கூரில் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவரும் இருந்தார். சாத்தந்தையார் என்று ஒருவர் இருக்கிறார். அந்தப் பெயரைப் பிரித்தால் சாத்தன் தந்தை. பாடியவர்கள் இவர்கள். பாடப்பட்டவர்களிலும் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன், பிடவூர் கிழார் மகன் பெருஞ்சாத்தன் என இரண்டு பேர் புறநானூற்றில் வருகிறார்கள்.

இலக்கணப் புலவர்களிடம் போனால் இன்னும் வியப்பு. தந்தை என்ற சொல்லோடு ஒரு மனிதர் பெயர் சேர்ந்தால் ஒலி எப்படி மாறும் என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. ஆதன் தந்தை ஆந்தை ஆவதும் பூதன் தந்தை பூந்தை ஆவதும் அங்கே உண்டு. பிசிராந்தையார் பெயரிலுள்ள ஆந்தை இந்த வழியில் வந்ததுதான். ஒரு மொழியின் இலக்கணம் தனி விதி வகுக்கும் அளவுக்கு அந்தப் பெயர்கள் அன்றாடம் புழங்கியிருக்கின்றன. பின்னால் வந்த உரையாசிரியர்கள், யாரோ ஒருவர் வந்தார், போனார், உண்டார் என்று எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் சாத்தனையும் கொற்றனையுமே கூப்பிட்டார்கள். இன்று நாம் ‘ராமனும் சோமனும்’ என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவதைப் போல. எடுத்துக்காட்டுக்கு வரும் பெயர் யாரையும் குறிப்பாகச் சுட்டாத பெயராக இருக்க வேண்டும். சாத்தன் அப்படிப்பட்ட பெயர்.

ஐம்பதில் ஒருவர்

இனி ஒரு சின்னக் கணக்கு. பெயர் தெரிந்த சங்கப் புலவர்கள் 473 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. மேலே சொன்ன பத்துப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 473-இல் 10 என்பது ஏறக்குறைய 47 பேருக்கு ஒருவர். புலவர்களின் பெயர்களை வைத்து ஊரார் எல்லோருடைய பெயரையும் அளந்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தோராயத்துக்கு, ஆண்களில் ஐம்பதில் ஒருவர் சாத்தன் என்று வைத்துக்கொள்வோம்.

செங்கடல் துறைமுகத்தில் ஒரு பருவத்தில் 35 தமிழர்கள் தங்கியிருந்தார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர்கூடச் சாத்தன் இல்லாமலிருக்கும் வாய்ப்பு என்ன? ஒவ்வொருவரும் சாத்தனாக இல்லாத வாய்ப்பு 50-இல் 49. அதை 35 முறை பெருக்கினால் பாதிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அதாவது, குறைந்தது ஒரு சாத்தனாவது அங்கே இருந்திருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஆட்கள் 100 என்றால், இரண்டு சாத்தன்களோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. கரைக்கு வரும் தமிழர் எண்ணிக்கை கூடக் கூட, சாத்தன் என்ற பெயர் பொறித்த பானை கிடைப்பது வியப்பில்லாத செய்தியாகிவிடுகிறது. கிடைக்காமலிருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஆகவே அந்தப் பானை ஓடு ஒரு குறிப்பிட்ட மனிதரை நமக்குக் காட்டவில்லை. வேறொன்றைக் காட்டுகிறது. அரிய பட்டம் சுமந்த தலைவர்கள் மட்டும் அந்தக் கடலைக் கடக்கவில்லை. ஊருக்கு நான்கு பேர் வைத்திருந்த பெயரையுடைய சாதாரண ஆட்களும் கடந்தார்கள், தங்கள் பானையில் தாங்களே பெயர் கீறும் அளவுக்கு எழுத்தறிந்திருந்தார்கள். பெயர் பொதுவானது என்பதால்தான் இந்தச் செய்தி நமக்குக் கிடைக்கிறது.

பெயர் ஏன் திரும்பி வருகிறது?

உலகில் ஒலிகளைச் சேர்த்து உண்டாக்கக்கூடிய பெயர்களுக்குக் கணக்கில்லை. அப்படியிருந்தும் மனிதர்கள் ஒரு சிறு கூடையிலிருந்தே பெயரை எடுக்கிறார்கள். தென்கொரியாவில் ஐந்தில் ஒருவருக்குக் கிம் என்பது குடும்பப் பெயர். சீனாவில் வாங், லி, ஜாங் என்ற மூன்று குடும்பப் பெயர்களும் சேர்ந்து மக்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும்.

தமிழில் இதற்குக் காரணம் நம் உறவுச் சொல்லிலேயே இருக்கிறது. மகனின் மகனைப் பேரன் என்கிறோம். அது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்று பொருள். பெயர்த்தி பேத்தியானாள். ஒரு குடும்பத்தில் பாட்டன் சாத்தன் என்றால் பேரனும் சாத்தன். சுமார் ஐம்பது ஆண்டு இடைவெளியில் அதே ஊரில், அதே வீட்டில், அதே நிலத்துக்கு உரியவராக அதே பெயர் மறுபடியும் எழுகிறது. பாட்டனுக்கு இரண்டு மகன்கள் இருந்து, இருவருமே மூத்த பிள்ளைக்குத் தந்தை பெயரை வைத்தால், ஒரே காலத்தில் ஒரே பெயரில் இரண்டு பேரன்கள். குலதெய்வத்தின் பெயர் இதே வேலையை இன்னும் பரவலாகச் செய்கிறது. சாத்தன் என்பது ஐயனாரின் பெயரும்தான். ஒரே தெய்வத்தைக் கும்பிடும் பத்துக் குடும்பங்கள், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே பெயரை வைக்கும்.

மன்னர் குடும்பங்களும் இந்த முறைக்கு விலக்கில்லை. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றிக்கொண்டார்கள். ‘கோப்பரகேசரிவர்மனுக்கு யாண்டு 14’ என்ற அளவில் மட்டும் ஒரு கல்வெட்டு தொடங்கினால், எந்தப் பரகேசரி என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழி கூட இருந்தால் முதலாம் பராந்தகன் என்று மூச்சுவிடலாம்.

அடைமொழி என்னும் சல்லடை

அந்த அடைமொழியில்தான் வழி இருக்கிறது. பழைய தமிழர்கள் பெயர்க் குழப்பத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். அழகர்மலைக் குகையில் கொடையளித்தவர்களைப் பாருங்கள். ஒருவர் உப்பு வணிகன் வியக்கன். இன்னொருவர் மதுரைப் பொன்கொல்லன் ஆதன் ஆதன். புகழூரில் ஒருவர் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி. ஊர், தொழில், தந்தை பெயர், பிறகு தன் பெயர். கீழடியில் ‘குவிரன் ஆதன்’, கொடுமணலில் ‘கண்ணன் ஆதன்’ என்று பானை ஓட்டிலும் இரண்டு பெயர் சேர்த்தே கீறினார்கள். நாம் இன்று போடும் தலைப்பெழுத்துக்கு இவர்கள் முன்னோடிகள்.

ஒவ்வோர் அடைமொழியும் ஒரு சல்லடை. சாத்தன் என்ற பெயர் ஐம்பதில் ஒருவருக்கு. கூலம் விற்பவர் இருபதில் ஒருவர் என்றும், ஒரு குறிப்பிட்ட ஊர்க்காரர் நூற்றில் ஒருவர் என்றும் கொண்டால், மூன்றும் ஒருவரிடமே சேர்வது ஒரு லட்சத்தில் ஒருமுறை. பெயர் மட்டும் இருந்தபோது கூட்டத்தில் கரைந்துபோனவர், மூன்று சல்லடையில் சலித்த பிறகு தனியே நிற்கிறார். ஆனால் பெருக்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை உண்டு. சல்லடைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும். வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று ஒரு பெயர் இருக்கிறது. வணிகர் குடும்பங்களில் சாத்தன் என்ற பெயர் மற்ற இடங்களைவிட அதிகமாக வழங்கியிருந்தால், தொழிலையும் பெயரையும் தனித்தனிச் சான்றாக எண்ணுவது ஒரே நாணயத்தை இரண்டு முறை எண்ணுவதாகிவிடும்.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒருவரிடம் காணலாம். மணிமேகலையை இயற்றியவர் கூலவாணிகன் சாத்தன். சங்கப் பாடல்களைப் பாடியவர்களிலும் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் இருக்கிறார். பெயர் ஒன்று, தொழில் ஒன்று. மணிமேகலையை 1898-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் முதலானோர் இருவரும் ஒருவரே என்று கொண்டார்கள். எஸ். வையாபுரிப் பிள்ளை காலத்தை வைத்து மறுத்தார். மணிமேகலையின் மொழியும் அதிலுள்ள பௌத்த அளவை நூற் கருத்துகளும் சங்க காலத்துக்கு நெடுநாள் பிந்தியவை என்பது அவர் பக்கத்து வாதம். பெயரும் தொழிலும் ஒத்தும் காலம் ஒவ்வாவிட்டால் எதை நம்புவது? காலத்தைத்தான். ஒரே தொழிலில் ஒரே பெயரில் நூற்றாண்டு விட்டு நூற்றாண்டு ஆட்கள் பிறக்கலாம். ஒரே ஆள் நூற்றாண்டுகளைத் தாண்டி வாழ முடியாது. சீத்தலை என்பது ஊர்ப்பெயர். அதைச் சீழ்த்தலை என்று கொண்டு, பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டதால் சீழ் பிடித்தது என்று ஒரு கதையே பின்னால் பிறந்தது. ஆளைப் பற்றிய செய்தி குறைந்துபோன இடத்தில் பெயரே கதை சொல்லத் தொடங்கிவிடும்.

அரிய பெயருக்கு எடை அதிகம்

பெயர் ஒப்புமையை எண்ணால் அளப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஓர் அறிவியலாகவே வளர்ந்தது. கனடாவில் ஹோவர்ட் நியூகோம்ப் என்ற மரபியலாளர் இருந்தார். கதிர்வீச்சு தலைமுறைகளை எப்படிப் பாதிக்கும் என்று அறிய அவருக்குப் பெற்றோரின் திருமணப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான பதிவுகள், ஒரே பெயரில் பலர், ஒரே ஆளுக்குப் பல எழுத்துக்கூட்டல். 1959-இல் தாமும் தம் குழுவினரும் கணினியைக் கொண்டு இதைச் செய்த முறையை அவர் வெளியிட்டார். அதற்கு முழுமையான கணிதக் கோட்பாட்டை ஐவன் ஃபெல்லகி, ஆலன் சண்டர் இருவரும் 1969-இல் தந்தார்கள்.

அடிப்படை மிக எளிது. இரண்டு பதிவுகளில் ஒரு பெயர் ஒத்துப்போகிறது. அவை ஒரே ஆளுடையவை என்றால் அந்தப் பெயர் ஒத்துப்போகும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று கொள்வோம். மிச்சம் எழுத்துப் பிழைக்கு. வேறு வேறு ஆட்கள் என்றால் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு, அந்தப் பெயர் எவ்வளவு பரவலானதோ அவ்வளவு. சாத்தன் போல ஐம்பதில் ஒருவர் வைத்திருக்கும் பெயர் என்றால், ஒப்புமை நம் நம்பிக்கையை ஏறத்தாழ 48 மடங்கு கூட்டுகிறது. அள்ளூர் நன்முல்லையார் போல ஆயிரத்தில் ஒருவருக்கே இருக்கக்கூடிய பெயர் என்றால் 950 மடங்கு. அரிய பெயர் திரும்ப வந்தால் அதே ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். பொதுவான பெயர் திரும்ப வந்தால் இன்னொரு சான்றைத் தேட வேண்டும்.

எகிப்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பெரனிகே என்ற இன்னொரு செங்கடல் துறைமுகத்தில் ரோமானிய மதுச்சாடித் துண்டு ஒன்றில் ‘கொறபூமான்’ என்ற தமிழ்ப் பெயர் கிடைத்தது; கொற்றபூமான் என்று படிக்கிறோம். அண்மையில், நைல் ஆற்றங்கரையில் பழைய எகிப்திய மன்னர்களைப் புதைத்த பள்ளத்தாக்கில், பல கல்லறைச் சுவர்களில் ‘சிகை கொற்றன்’ என்ற பெயரைத் தமிழ்-பிராமியில் ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். சிகை கொற்றன் என்ற சேர்க்கை அரிது. ஒரே பள்ளத்தாக்கில் அது மீண்டும் மீண்டும் வந்தால், கல்லறை கல்லறையாகச் சுற்றிப் பார்த்துப் போன இடமெல்லாம் பெயரெழுதிய ஒரே மனிதர் என்று கொள்வது நியாயம். பெரனிகேயின் கொற்றபூமானும் அவரும் ஒருவரா? கொற்றன் என்பது சாத்தனுக்கு இணையாக வழங்கிய பெயர். அந்த ஒப்புமைக்கு எடை போதாது.

வானம் சொல்லும் சாட்சி

பெயரும் பட்டமும் ஊரும் நாடும் ஒன்றாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? பிற்காலப் பாண்டியர் வரலாற்றில் அதுதான் நேர்ந்தது. சடையவர்மன் சுந்தர பாண்டியன் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மன்னர்கள் ஆண்டார்கள். மாறவர்மன் சுந்தர பாண்டியன் என்ற பெயரிலும் அப்படியே. போதாக்குறைக்கு, ஒரே காலத்தில் பல பாண்டியர்கள் சேர்ந்து ஆளும் வழக்கமும் இருந்தது. நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள், எல்லாவற்றிலும் ஆட்சியாண்டு உண்டு, தொடர் ஆண்டு இல்லை.

கைகொடுத்தது கல்வெட்டு எழுதியவர்களின் ஒரு நல்ல பழக்கம். ஆட்சியாண்டோடு மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் வெட்டி வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட தமிழ் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட திதி பெரும்பாலும் ஒருமுறைதான் வரும். அது என்ன கிழமை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். தற்செயலாகப் பொருந்த ஏழில் ஒரு வாய்ப்பு. நட்சத்திரம் 27 என்றாலும் 27-இல் ஒன்று என்று கணக்கிடக் கூடாது. மாதம் தெரிந்தால் சூரியன் எந்த ராசியில் என்று தெரியும். திதி தெரிந்தால் சூரியனிலிருந்து சந்திரன் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். ஆகவே சந்திரன் நிற்கக்கூடிய நட்சத்திரம் சுமார் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஏழையும் மூன்றையும் பெருக்கினால், ஒரு கல்வெட்டின் குறிப்பு தற்செயலாக ஓர் ஆண்டுக்குப் பொருந்தும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. நூறு ஆண்டுக்குள் ஐந்து ஆண்டுகள் பொருந்திவிடும். ஒரு கல்வெட்டு போதாது.

அதே மன்னரின் இரண்டாவது கல்வெட்டையும் எடுத்து, ஆட்சியாண்டுக் கணக்கில் இரண்டும் ஒரே முடிசூட்டு ஆண்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நிபந்தனை போட்டால், தற்செயல் நானூறில் ஒன்றாகிறது. மூன்றாவதும் சேர்ந்தால் எட்டாயிரத்தில் ஒன்று. ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தார். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் திதி, நட்சத்திரங்களைக் காட்டும் பெருநூலை 1922-இல் வெளியிட்டுப் பலருக்கும் கருவி தந்தார். கும்பகோணம் ந. சேதுராமன், கணிதத்தின் துணையோடு பாண்டியர் காலவரிசையைத் திருத்தியமைத்து 1978-இல் நூலாக்கினார். 1251-இல் முடிசூடி, சிதம்பரத்துக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்த சுந்தர பாண்டியனை அவருக்குப் பின் வந்த அதே பெயருடையோரிடமிருந்து இன்று நாம் பிரித்தறிய முடிவது இந்த உழைப்பால்தான்.

ஆறு சொல் போதும்

இது பழைய கல்லோடு முடிந்துபோன சிக்கல் இல்லை. ஒருமுறை ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். செவிலியர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு “முருகேசன்” என்று கூப்பிட்டார். மூன்று பேர் எழுந்தார்கள். “எம். முருகேசன்” என்றார். இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “அப்பா பேரு சொல்லுங்கய்யா” என்றார். ஒருவர் மாணிக்கம் என்றார், மற்றவர் மாரிமுத்து என்றார். அந்த அம்மா தாளை நீட்டாமல் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் கொடுத்தார். நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு குறிப்புகள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007 முதல் சொல்லிவரும் அறிவுரை. அழகர்மலையில் பெயர் வெட்டியவர்கள் செய்ததும் அதுதான். பெயர் ஒத்துப்போனதை வைத்து ஒருவருக்கு மருந்து கொடுப்பதும், கடன் பாக்கி கேட்பதும், குற்றம் சுமத்துவதும் தவறு.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய புகைப்படங்களும் பத்திர நகல்களும் இருக்கும். பின்பக்கம் ‘தாத்தா’ என்றோ ‘சாமிநாதன்’ என்றோ மட்டும் எழுதியிருப்பீர்கள். இன்று வீட்டில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். இன்னும் ஐம்பது ஆண்டில் அதே பெயரில் ஒரு பேரன் இருப்பான். படத்திலிருப்பவர் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. ஒரு பென்சிலை எடுத்து, அவர் பெயர், அவருடைய தந்தை பெயர், தாய் பெயர், ஊர், தொழில், படமெடுத்த ஆண்டு என்று ஆறு சொல் எழுதி வையுங்கள். செங்கடல் கரையில் பானை கீறிய சாத்தன் தன் ஊரை மட்டும் சேர்த்துக் கீறியிருந்தால், அவர் எந்தச் சாத்தன் என்று தேட நமக்கு ஒரு வழி இருந்திருக்கும்.